விபத்துக்குப் பின் வாகனச் சேதக் கோரிக்கை: குடும்பத்தார் அறிய வேண்டியவை

அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாயிலில் காத்திருக்கும் குடும்பத்தாருக்கு அந்த வேளையில் வேண்டியது ஒன்றே: உள்ளே இருப்பவர் பிழைத்து எழ வேண்டும். சாலையோரத்தில் நொறுங்கிக் கிடக்கும் காரைப் பற்றி எண்ணுவதற்கு மனம் இடங்கொடாது. எண்ணினால் அதுவே பிழையெனவும் தோன்றும். ஆயினும் இரண்டு நாள் கழிந்ததும் கைப்பேசி ஒலிக்கத் தொடங்குகிறது. வண்டியின் ஆவணங்களைக் கொண்டுவரும்படி காவல் நிலையத்தார் சொல்கிறார்கள். பட்டறைக்காரர் வேலையைத் தொடங்கலாமா என்று கேட்கிறார். எதிர் வண்டிக்காரரின் உறவினர் ஒருவர் பழங்களோடு மருத்துவமனைக்கே வந்து, நலம் விசாரித்துவிட்டு, “பேசி முடித்துக்கொள்வோம்” என்று ஒரு தாளை நீட்டுகிறார்.

தூக்கமும் உணவும் இன்றி அமர்ந்திருப்பவர் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதுகூட அரிது. ஆனால் வாகனச் சேதக் கோரிக்கைகள் பெரும்பாலும் பழுதடைவது இந்த முதல் சில நாள்களில்தான். அந்த நாள்களில் குடும்பத்தார் செய்ய வேண்டியவை மிகச் சிலவே: உரியவர்களுக்குச் செய்தி சொல்வது, நடந்ததை நடந்தபடி சொல்வது, புரியாத எதிலும் கையெழுத்திடாமல் இருப்பது. ஏனையவை எல்லாம் நோயாளி தேறும் வரை காத்திருக்கும். அவற்றின் காரணங்களை இக்கட்டுரை விளக்குகிறது.

ஒரு விபத்து, மூன்று கணக்குகள்

ஒரு விபத்து மூன்று தனித்தனிக் கணக்குகளைத் திறக்கிறது என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, சிகிச்சைச் செலவு. இதற்கு மருத்துவக் காப்பீடும் அரசுத் திட்டங்களும் உள்ளன. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்துக்குள்ளானவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுகிறது.

இரண்டாவது, உடற்காயத்துக்கும் உயிரிழப்புக்கும் உரிய இழப்பீடு. தவறு செய்த வண்டியின் உரிமையாளரிடமும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்திடமும் இதைக் கோர வேண்டும். கோரும் இடம் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்.

மூன்றாவது, வண்டிக்கு நேர்ந்த சேதம். இதுவே இக்கட்டுரையின் பொருள். உங்கள் காப்பீடு முழுக் காப்பீடாக, அதாவது சொந்தச் சேதத்தையும் ஏற்கும் காப்பீடாக இருந்தால், தவறு யாருடையதாயினும் உங்கள் நிறுவனத்திடமே இதைக் கோரலாம். சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், உங்கள் வண்டிக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்காது. எதிர்த் தரப்பின் தவறு இருந்தால் அவர்களிடமே கோர வேண்டும்.

மூன்று கணக்குகளுக்கும் ஆவணங்கள் சில பொதுவானவை. ஆனால் பணம் வரும் வழியும், விண்ணப்பிக்கும் இடமும், கால வரம்பும் வெவ்வேறு. ஒன்றை முடிக்கும் அவசரத்தில் மற்றொன்றை அறியாமல் முடித்துவிடுவதே குடும்பங்களுக்கு நேரும் பெரும் இழப்பு.

முதல் செய்தி

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 134-ஆம் பிரிவு ஓட்டுநரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. காயமடைந்தவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வதே அவற்றுள் முதலாவது. அடுத்து, அவ்விடத்தில் காவலர் இல்லையெனில் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் காப்பீட்டு எண், விபத்து நிகழ்ந்த நாள், நேரம், இடம், காயமடைந்தோர், ஓட்டுநரின் பெயர், உரிமம் ஆகிய விவரங்களை எழுத்து மூலம் அளிக்க வேண்டும்.

ஓட்டுநரே மருத்துவமனைப் படுக்கையில் இருந்தால்? குடும்பத்தில் ஒருவர் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அழைத்துச் செய்தி சொல்லலாம். இதற்கு நோயாளியின் கையெழுத்துத் தேவையில்லை. அழைத்த நாள், நேரம், அவர்கள் கொடுத்த கோரிக்கை எண் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அதே செய்தியை ஒரு மின்னஞ்சலாகவும் அனுப்பிவிட்டால் எழுத்து மூலச் சான்று கையில் இருக்கும்.

சில நாள் தாமதமாகிவிட்டது என்பதற்காகக் கோரிக்கையையே கைவிட்டுவிட வேண்டாம். தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்த தாமதத்தை மட்டுமே காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என்று, 2011 செப்டம்பர் 20 அன்று காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்துள்ளது. ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார் என்பதைவிடத் தவிர்க்க முடியாத காரணம் வேறு என்ன இருக்க முடியும்? அதற்குச் சான்று மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட குறிப்பும், வீடு திரும்பும்போது வழங்கப்படும் சிகிச்சைச் சுருக்கமும் ஆகும். அவற்றின் நகல்களை வாகனக் கோரிக்கைக் கோப்பிலும் வையுங்கள்.

விபத்துப் பதிவேட்டில் உண்மை

விபத்துக்குள்ளானவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததும் பணியிலுள்ள மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் விவரங்களைக் குறிக்கிறார்: எப்போது, எங்கே, எவ்வாறு நேர்ந்தது, அழைத்து வந்தவர் யார், காயங்கள் எவை. காவல் நிலையத்துக்கும் செய்தி செல்கிறது. குடும்பத்தார் இதை வெறும் நடைமுறை என்று எண்ணி, யாரோ சொல்லிக்கொடுத்ததைச் சொல்லிவிடுவது உண்டு. வண்டியை ஓட்டிய இளைஞருக்கு உரிமம் இல்லை. ஆகவே தந்தை ஓட்டினார் என்று சொல்லிவிடுகிறார்கள்.

இது பெருந்தீங்கு. பின்னர் தயாராகும் முதல் தகவல் அறிக்கை, காப்பீட்டுக் கோரிக்கைப் படிவம், சர்வேயரின் அறிக்கை ஆகிய அனைத்தும் இந்த முதல் குறிப்போடு ஒப்பிடப்படும். இருக்கை வார் பதிந்த காயம் எந்தத் தோளில் உள்ளது என்பதே ஓட்டியவர் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். உரிமம் இல்லாதவர் ஓட்டினாலும், மது அருந்தியவர் ஓட்டினாலும் சொந்தச் சேதக் கோரிக்கையை நிறுவனம் மறுக்கலாம். அது ஓர் இழப்பு. பொய் சொன்னால் வண்டிக்கான தொகையோடு காயத்துக்கான இழப்பீட்டு வழக்கும் ஐயத்துக்குள்ளாகிறது. குற்ற வழக்கும் வரக்கூடும். பதிவேட்டில் எழுதியதை மாற்றித் தரும்படி மருத்துவரிடமோ செவிலியரிடமோ கேட்க வேண்டாம். அவர்களால் அது இயலாது. கேட்டதே உங்களுக்கு எதிரான சான்றாகும். உறுதியாகத் தெரியாததைத் “தெரியாது” என்று சொல்வதில் தவறில்லை.

வண்டியைத் தொடுவதற்கு முன்

காயமோ உயிரிழப்போ நேர்ந்த விபத்தில் வண்டியைக் காவல் துறையினர் நிலையத்துக்குக் கொண்டு செல்வது வழக்கம். மோட்டார் வாகன ஆய்வாளர் அதைப் பரிசோதித்த பின்னரே வண்டி விடுவிக்கப்படும். விபத்து நடந்த இடத்தில் யாரேனும் படம் எடுத்திருந்தால், அவற்றை அழிக்காமல் பெற்று வையுங்கள். வண்டிகள் நின்ற நிலை, சாலையில் டயர் தேய்ந்த தடம், எதிர் வண்டியின் பதிவு எண் ஆகியவை அப்படங்களில் தெரிந்தால் பின்னாளில் பேருதவியாகும்.

விடுவிக்கப்பட்ட வண்டியை உடனே ஓட்டிச் செல்ல முயல வேண்டாம். பழுது நீக்குவதற்கு முன் ஓட்டியதால் சேதம் பெருகினால், அந்தக் கூடுதல் சேதம் உரிமையாளரின் பொறுப்பு என்பது காப்பீட்டு நிபந்தனை. ரெக்கவரி வண்டியைக் கொண்டே பட்டறைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். அவ்வாறு கொண்டு சேர்க்கும் செலவுக்குத் தனிநபர் கார்களின் பொதுக் காப்பீட்டில் 1,500 ரூபாய் வரையே இடமுண்டு; சாலை உதவிக்கெனத் தனிச் சேர்க்கை எடுத்திருந்தால் அதிகம் கிடைக்கலாம். ஆகவே ரெக்கவரி வண்டிக்காரரிடம் தொகையை முன்னரே பேசி, ரசீது பெறுங்கள்.

பட்டறையில் செலவு மதிப்பீட்டைப் பெற்று, காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை எதையும் கழற்றவோ தட்டவோ விடாதீர்கள். பிரித்த பிறகு உள்ளே புதிய சேதம் தெரிந்தால், வேலையை நிறுத்திச் சர்வேயரை மீண்டும் அழைக்கச் சொல்ல வேண்டும். மாற்றிய பழைய பாகங்களை அவர் பார்க்கும் வரை தூக்கி எறியலாகாது.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுப் பத்திரம், ஓட்டியவரின் உரிமம், முதல் தகவல் அறிக்கை அல்லது காவல் நிலையம் தந்த மனு ரசீது, செலவு மதிப்பீடு, பட்டறை பில்கள், வங்கிக் கணக்கு விவரம். பழைய கார் வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறியிருந்தும் காப்பீடு முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால் சொந்தச் சேதத் தொகை மறுக்கப்படக்கூடும். கைமாறிய 14 நாள்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி.

தொகை குறைவது ஏன்?

“முழுக் காப்பீடு வைத்திருந்தும் முழுத் தொகை தரவில்லையே” என்பது பலரின் மனக்குறை. காரணம் பெரும்பாலும் தேய்மானம். புதிய பாகம் போடும்போது, பழைய பாகம் எவ்வளவு தேய்ந்திருந்ததோ அந்த அளவு கழிக்கப்படும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி, ஏர்பேக் ஆகியவற்றுக்குப் பாதி கழியும். ஃபைபர் பாகங்களுக்கு 30 விழுக்காடு. கண்ணாடிக்குக் கழிவில்லை. உலோகப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து: முதல் ஆறு மாதம் கழிவில்லை, ஓராண்டு வரை 5 விழுக்காடு, இரண்டாண்டு வரை 10, மூன்றாண்டு வரை 15, நான்காண்டு வரை 25, ஐந்தாண்டு வரை 35, பத்தாண்டு வரை 40, அதற்கு மேல் 50.

ஓர் எடுத்துக்காட்டால் இது தெளிவாகும். மூன்றாண்டு கடந்து நான்காண்டு நிறையாத ஒரு சிறிய கார். உலோகப் பாகங்கள் 40,000 ரூபாய், பம்பர் முதலிய பிளாஸ்டிக் பாகங்கள் 20,000, முன்கண்ணாடி 8,000, பெயிண்டிங் 16,000, டிங்கரிங் கூலி 10,000. மொத்தம் 94,000 ரூபாய். உலோகத்தில் கால் பங்காகிய 10,000 கழியும். பிளாஸ்டிக்கில் பாதியாகிய 10,000 கழியும். பெயிண்டிங்குக்கு ஒரே தொகையாகப் பில் இருந்தால் அதில் 25 விழுக்காட்டைப் பொருள் விலையாகக் கொண்டு, அதில் பாதியைக் கழிப்பர். இங்கே 4,000-த்தில் 2,000. கூலிக்கும் கண்ணாடிக்கும் கழிவில்லை. ஆக 22,000 போக, மீதி 72,000. இதில் உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 1,000 ரூபாயும் போனால் கிடைப்பது 71,000. எஞ்சிய 23,000 ரூபாய் குடும்பத்தின் பொறுப்பு. இந்தக் கட்டாயத் தொகை 1,500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய். அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000.

தேய்மானம் கழிக்காத தனிச் சேர்க்கை எடுத்திருந்தால் இதே காருக்கு 93,000 ரூபாய் கிடைக்கக்கூடும். எனவே மருத்துவச் செலவு ஒருபுறம் இருக்க, பட்டறைக்குக் கைப்பணம் எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதைச் சர்வேயரிடமும் பட்டறையிலும் முன்கூட்டியே கேட்டு அறிவது நலம்.

பழுது நீக்கும் செலவு, காப்பீட்டுப் பத்திரத்தில் குறித்துள்ள வண்டி மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது முழுச் சேதமாகக் கருதப்படும். அப்போது பழுது நீக்காமல், அந்த மதிப்பின் அடிப்படையில் தொகை தீர்க்கப்படும். கடனில் வாங்கிய வண்டியாயின் அத்தொகை முதலில் கடன் நிலுவைக்கே செல்லும். வண்டி பட்டறையில் நின்றாலும் மாதத் தவணை நிற்பதில்லை. ஆகவே கடன் கொடுத்த வங்கிக்கும் விபத்துச் செய்தியைத் தெரிவித்து அவகாசம் கேளுங்கள்.

சேதம் மிகச் சிறிதாயின் கோரிக்கை வைப்பதே இலாபமா என்று கணக்கிட வேண்டும். கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குச் சொந்தச் சேதப் பிரிமியத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை சலுகை உயர்கிறது. ஒரு கோரிக்கை வைத்தால் அது இழக்கப்படும். அடிப்படைப் பிரிமியம் 10,000 ரூபாய். வரும் ஆண்டில் 50 விழுக்காடு சலுகை கிடைக்கவிருக்கிறது என்று கொள்வோம். 3,000 ரூபாய் பெறுவதற்காகக் கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டில் மட்டும் 5,000 ரூபாய் சலுகை போய்விடும்.

தவறு எதிர்த் தரப்பினருடையதாயின்

எதிர் வண்டியின் தவறால் உங்கள் காருக்குச் சேதம் நேர்ந்திருந்தால் இரு வழிகள் உண்டு. உங்கள் முழுக் காப்பீட்டில் பெறுவது விரைவான வழி. உங்களுக்குத் தொகை கொடுத்த நிறுவனம், தவறு செய்தவரிடம் அதை மீட்கும் உரிமையைப் பெறும். மற்றொன்று, எதிர் வண்டியின் உரிமையாளர்மீதும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின்மீதும் தீர்ப்பாயத்தில் கோருவது. தனிநபர் கார்களின் காப்பீட்டில் பிறர் சொத்துச் சேதத்துக்குப் பொதுவாக 7,50,000 ரூபாய் வரையும், இரு சக்கர வண்டிகளில் 1,00,000 ரூபாய் வரையும் இடமுண்டு. ஒரே சேதத்துக்கு இரு இடங்களிலும் முழுத் தொகை பெற முடியாது.

தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க விபத்து நடந்த ஊருக்கே செல்ல வேண்டும் என்பதில்லை. நீங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கால வரம்பைக் குறிக்கிறது. நோயாளி முற்றிலும் குணமடையட்டும் என்று அதற்கு மேல் காத்திருக்கலாகாது.

கையெழுத்துக்கு முன்

இப்போது பழங்களோடு வந்தவர் நீட்டிய தாளுக்கு வருவோம். அதில் பெரும்பாலும், “வண்டிச் சேதத்துக்காக இவ்வளவு தொகை பெற்றுக்கொண்டேன், இவ்விபத்து தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதியிருக்கும். முதல் பாதி வண்டியைப் பற்றியது. இரண்டாம் பாதி உள்ளே படுத்திருப்பவரின் காலையும், அவர் இனி வேலைக்குச் செல்ல முடியாமற்போகும் மாதங்களையும் பற்றியது. பம்பருக்கு வாங்கிய பத்தாயிரம் ரூபாய், முறிந்த எலும்புக்கான உரிமைக்குக் குறுக்கே வந்து நிற்கக்கூடும். எதிர் வண்டிமீதான உரிமையை இவ்வாறு விட்டுக்கொடுத்தால், உங்கள் சொந்தக் காப்பீட்டு நிறுவனமும் உங்கள் கோரிக்கையில் தடை எழுப்பலாம். நிறுவனத்தின் எழுத்து மூல இசைவின்றித் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்பதும் காப்பீட்டின் நிபந்தனை.

வந்தவர் நல்லெண்ணத்தோடு வந்திருக்கலாம். அவரைக் கடிந்து அனுப்ப வேண்டியதில்லை. “நோயாளி தேறட்டும், பிறகு பேசுவோம், தாளை விட்டுச் செல்லுங்கள்” என்று சொன்னால் போதும். வழக்கை நடத்தித் தருவதாகக் கூறி நிரப்பப்படாத தாள்களில் கையெழுத்துக் கேட்டு வருவோரிடமும் இதே விடையைச் சொல்லுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு தகுதியுள்ளோருக்குக் கட்டணமின்றி வழக்கறிஞரை அளிக்கிறது. பெண்களுக்கு இவ்வுதவிக்கு வருமான வரம்பு இல்லை.

நோயாளியின் பெயரில் வேறொருவர் கையெழுத்திடுவதும் தவறு. நினைவோடு இருந்து கை மட்டும் இயலாதவராயின், படித்துக் காட்டி, சாட்சிகள் முன்னிலையில் பெருவிரல் ரேகை வைக்கலாம். நினைவிழந்திருந்தால் செய்தியை மட்டும் தெரிவித்துவிட்டுப் படிவத்துக்கு அவகாசம் கேட்பதே முறை. வண்டியின் உரிமையாளரே மறைந்துவிட்டால் காப்பீடு உடனே இறந்துவிடுவதில்லை; மூன்று மாதம் வரை அல்லது அதன் காலம் முடியும் வரை, இவற்றுள் எது முந்தியதோ அதுவரை செல்லும். சட்டப்படியான வாரிசுகள் அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்பையும் குறைப்பையும் காரணத்தோடு எழுத்தில் தரும்படி கேளுங்கள். சர்வேயரின் அறிக்கை நகலையும் கேளுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை ஏற்புடையதாக இல்லாவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் உண்டு. கட்டணமில்லை, வழக்கறிஞர் தேவையில்லை, நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் முறையிட வேண்டும். நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவோருக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு. குறைந்த தொகையை முழுமையாக ஏற்றதாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், பின்னர் முறையிடுவது கடினமாகும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று. குடும்பத்தில் ஒருவர் நோயாளியின் அருகே இருக்கட்டும். இன்னொருவர், அண்ணனோ மைத்துனரோ நம்பிக்கைக்குரிய அண்டை வீட்டாரோ, ஒரு கோப்பும் குறிப்பேடும் வைத்து வாகன வேலையை மட்டும் கவனிக்கட்டும். இரண்டையும் ஒருவரே சுமந்தால் இரண்டிலும் பிழை நேரும். நோயாளியிடம் காரைப் பற்றிய பேச்சை அவர் கேட்கும் வரை எடுக்க வேண்டாம். கேட்கும் நாளில், “செய்தி சொல்லியாயிற்று, வண்டி பத்திரமாக இருக்கிறது, எதிலும் கையெழுத்திடவில்லை” என்று உங்களால் சொல்ல முடிந்தால், அவர் மனத்திலிருந்து ஒரு சுமை இறங்கும். அந்த நிம்மதியும் அவர் தேறி எழத் துணை செய்யும்.